சேலையூரிலிருந்து அண்ணா நகர்: எந்த ஆப்பை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி இது: "சென்னைக்குப் புதிது. சேலையூரில் வீடு, அண்ணா நகரில் வேலை, பைக் கிடையாது. பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் சேர்த்து வழி சொல்கிற ஒரே ஒரு நல்ல ஆப் எது? நாலைந்து போட்டுப் பார்த்துவிட்டேன், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் சொல்கிறது."

ஒரே ஒரு ஆப் என்று கேட்டால் கையில் பதில் இல்லை. நாலும் நாலு நேரம் சொல்கிறதே, அதில் ஒன்று கெட்டிக்காரன், மற்றது மக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கணக்குப் போடும் முறை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான், எந்த அட்டவணையை வைத்துக்கொண்டு போடுகிறது என்பதில்தான் வித்தியாசம். உங்கள் பயணத்தில் ஷேர் ஆட்டோ, எலக்ட்ரிக் ட்ரெயின், மெட்ரோ, கடைசியில் நடை என்று நாலு துண்டு இருக்கிறது. எந்தத் துண்டில் ஆப் பேச்சைக் கேட்கலாம், எதில் காதில் வாங்கவே கூடாது என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அந்த அட்டவணை எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பிறகு எல்லாம் சுலபமாகப் புரியும். அமெரிக்காவில் போர்ட்லேண்ட் நகரத்துப் பொதுப் போக்குவரத்தை நடத்துவது ட்ரைமெட் என்ற நிறுவனம். அங்கே வேலை பார்த்த பிபியானா மெக்ஹியூ என்பவருக்கு ஒரு எரிச்சல்: காரில் போக வழி கேட்டால் இணையம் உடனே சொல்கிறது, பஸ்ஸில் போக வழி கேட்டால் முழிக்கிறது. கூகுளிடம் போனார். 2005 டிசம்பரில் போர்ட்லேண்டை மட்டும் வைத்துக் கூகுள் டிரான்சிட் ஆரம்பித்தது. அதற்காக ட்ரைமெட் தன் அட்டவணையை எந்த வடிவத்தில் கொடுத்ததோ, அதுதான் இன்று உலகம் பூராவும் ஓடும் ஜிடிஎஃப்எஸ். முதலில் அந்த 'ஜி' கூகுளைக் குறித்தது, எல்லாரும் பயன்படுத்தத் தொடங்கியதும் 'ஜெனரல்' என்று மாற்றிக்கொண்டார்கள்.

பெயர்தான் பெரிசு. உள்ளே பார்த்தால் ஒரு ஜிப்பில் கட்டிய சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்கள், அவ்வளவுதான். ஒன்றில் ஸ்டாப்களின் பெயரும் அவை எங்கே இருக்கின்றன என்ற அட்சரேகை தீர்க்கரேகையும், இன்னொன்றில் ரூட்கள், இன்னொன்றில் எந்தெந்த நாளில் ஓடும் என்ற காலண்டர். இருப்பதிலேயே பெரிய ஃபைலில், ஒவ்வொரு டிரிப்பும் ஒவ்வொரு ஸ்டாப்புக்கு எத்தனை மணிக்கு வரும் என்று வரி வரியாக இருக்கும். நள்ளிரவு தாண்டி ஓடும் வண்டிக்கு அதில் 25:10 என்று எழுதுவார்கள். நேற்றைய சர்வீஸின் தொடர்ச்சி, அதாவது நம் கடிகாரத்தில் அதிகாலை 1.10. முதல் தடவை பார்த்தபோது யாரோ தப்பாக அடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

இந்த ஃபைல்களை வைத்து வழி கண்டுபிடிப்பதும் மாயம் இல்லை. 2012இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் எழுதிய ராப்டர் என்ற முறை பல இடங்களில் புழக்கத்தில் இருக்கிறது. சுற்றுச் சுற்றாகப் போகும். முதல் சுற்றில், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து வண்டி மாறாமல் எங்கெல்லாம் போகலாம் என்று பார்க்கும். இரண்டாவது சுற்றில் ஒரு தடவை மாறினால் எங்கெல்லாம், மூன்றாவதில் இரண்டு தடவை மாறினால் எங்கெல்லாம். ஒவ்வொரு சுற்றிலும் 'இந்த ஸ்டாப்புக்கு இதைவிடச் சீக்கிரம் வர வழி கிடைத்ததா' என்று குறித்துக்கொண்டே போகும். அதனால்தான் திரையில் ஒரே ஒரு வழி வராமல் இரண்டு மூன்று வருகிறது: ஒன்று சீக்கிரம் போகும் ஆனால் மூன்று தடவை மாற வேண்டும், இன்னொன்று எட்டு நிமிடம் தாமதம் ஆனால் ஒரே மாற்றம்.

இப்போது உங்கள் ரூட்டுக்கு வருவோம். தாம்பரத்தில் ஏறிக் கிண்டியில் இறங்கி மெட்ரோ பிடிக்கச் சொல்லி ஏதாவது ஒரு ஆப் உங்களுக்குக் கட்டாயம் காட்டியிருக்கும். எனக்கும் காட்டியது, போயும் தொலைத்தேன். கிண்டி மெட்ரோ நீலப் பாதையில் இருக்கிறது. அண்ணா நகர் பச்சைப் பாதை. கிண்டியில் ஏறினால் விமான நிலையம் பக்கமாகத் திரும்பி வந்து ஆலந்தூரில் மறுபடி மாற வேண்டும், அதாவது எலக்ட்ரிக் ட்ரெயினில் தாண்டிப் போன பக்கத்துக்கே மெட்ரோவில் திரும்பி வருகிறீர்கள். அதற்குக் கிண்டிக்கு முந்தைய ஸ்டேஷனான பரங்கிமலையிலேயே இறங்கிவிடலாம். பச்சைப் பாதை அங்கேதான் ஆரம்பம், வண்டி காலியாக நிற்கும், உட்கார்ந்துகொண்டு ஆலந்தூர், ஈக்காட்டுத்தாங்கல், அசோக் நகர், வடபழனி என்று போய் நேராக அண்ணா நகர் டவரிலோ கிழக்கிலோ இறங்கலாம். கிண்டி வழி ஏதோ ஒரு நாள் இரண்டு நிமிடம் சீக்கிரம் என்று கணக்கில் வந்திருக்கும், ஆப் அதை மேலே தூக்கி வைத்துவிட்டது. உட்கார இடம் கிடைப்பது அதன் கணக்கில் கிடையாது. ஆகவே முதல் வேலை, கூகுள் மேப்ஸில் ரூட் ஆப்ஷனைத் திறந்து, குறைவான மாற்றங்கள் என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பரங்கிமலை வழி மேலே வர வாய்ப்பு அதிகம்.

துண்டு துண்டாகப் பார்த்தால், எலக்ட்ரிக் ட்ரெயின் பகுதிக்கு அட்டவணையை ஓரளவு தைரியமாக நம்பலாம். தண்டவாளம் தனி, டிராஃபிக் கிடையாது, தாம்பரத்திலிருந்தே புறப்படும் வண்டிகள் நிறைய. தாமதமா என்று பார்க்க 'வேர் இஸ் மை ட்ரெயின்' வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரு ஆட்கள் எழுதியது, 2018இல் கூகுள் வாங்கிக்கொண்டது. அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு: வண்டிக்குள் இருப்பவரின் ஃபோன் எந்த செல் டவரைப் பிடித்திருக்கிறது என்பதை வைத்தே வண்டி எங்கே வருகிறது என்று ஊகிக்கும், நெட்டும் ஜிபிஎஸ்ஸும் இல்லாமலேயே. ஜன்னலோர சீட் கிடைக்காமல் கூட்டத்துக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு அடுத்த ஸ்டேஷன் எது என்று தெரியாமல் நிற்கும்போது இதன் அருமை தெரியும்.

மெட்ரோ இன்னும் சுலபம். காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 வரை ஓடுகிறது, ஒன்று போனால் சில நிமிடத்தில் அடுத்தது. இங்கே ஆப் தப்பு செய்வது வண்டியில் இல்லை, மாறும் இடத்தில். பரங்கிமலையில் ட்ரெயினிலிருந்து மெட்ரோவுக்கு மூன்று நிமிட நடை என்று காட்டும். காட்டுவதெல்லாம் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு உள்ள தூரத்தை, மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் என்ற நடை வேகத்தால் வகுத்த கணக்கு. பிளாட்பாரத்தில் உங்கள் பெட்டி எந்தக் கோடியில் வந்து நின்றது, படிக்கட்டில் எதிரே இறங்கி வரும் கூட்டம் எவ்வளவு, பையை ஸ்கேனரில் போட எத்தனை பேர் முன்னால் நிற்கிறார்கள், இதெல்லாம் எந்த ஃபைலிலும் இல்லை. ஜிடிஎஃப்எஸ்ஸில் 'இந்த ஸ்டேஷனில் மாறக் குறைந்தது இத்தனை நிமிடம் வேண்டும்' என்று எழுத இடம் இருக்கிறது, யாராவது நின்று அளந்து எழுதினால்தானே வரும். காலை எட்டரைக்கு எட்டு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் வேறு கதை. தாம்பரத்திலிருந்து கோயம்பேடு பக்கம் போகும் 70 வரிசை பஸ்களையும் ஆப் உங்களுக்குக் காட்டும், ஜிஎஸ்டி சாலை வழியாகக் கத்திப்பாரா தாண்டி வடபழனி வழியே. மாறாமல் உட்கார்ந்து போகலாம் என்று ஆசையாகத்தான் இருக்கும். ஞாயிறு காலை அப்படியே போங்கள், சுகமாக இருக்கும். வார நாளில் பல்லாவரத்தில் நின்றால் நின்றதுதான். சென்னைப் பேருந்துக்கு அட்டவணை நேரம் என்பது பேச்சுக்கு, லைவ் என்று காட்டினால் மட்டும் பாருங்கள்.

அந்த லைவையும் முழுசாக நம்பிவிடாதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை நாள், ஒரு ஆப்பில் என் பஸ் நாலு நிமிடத்தில் என்றது. மூன்று, இரண்டு, ஒன்று, 'வந்துகொண்டிருக்கிறது'. ரோட்டில் ஒரு தண்ணி லாரி போனது. திரையில் பஸ் என்னைத் தாண்டி அடுத்த ஸ்டாப்புக்குப் போய்விட்டது. பக்கத்தில் நின்ற பூக்காரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதுல வர்ற பஸ்ஸெல்லாம் இதுல வராது தம்பி" என்றார்கள். அப்புறம் தெரிந்த ஒருவரிடம் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. பஸ்ஸில் இருக்கும் ஜிபிஎஸ் கருவிக்கு வண்டி எண் மட்டும்தான் தெரியும். இன்று அந்த வண்டி எந்த ரூட், எத்தனை மணி டிரிப் என்பதை யாராவது பொருத்திச் சொல்ல வேண்டும். காலையில் வண்டி ரிப்பேர் என்று டிப்போவில் வேறு வண்டியை அனுப்பிவிட்டு, அதை மாற்றிப் பதியவில்லை என்றால் இல்லாத பஸ் திரையில் ஓடும், இருக்கிற பஸ் திரையில் வராது. கட் சர்வீஸும் அப்படித்தான்: பாதியில் திரும்பும் வண்டியைக் கடைசி ஸ்டாப் வரை போவதாகக் காட்டிவிடும். இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை, லைவ் கொடுக்கும் நகரங்களிலெல்லாம் இந்தப் பேய் பஸ்கள் உண்டு. ஒரு சின்ன வழி: புள்ளி நகர்கிறதா என்று முப்பது விநாடி பாருங்கள். விட்டுவிட்டு, சிக்னலில் நிற்பது போல நின்று நகர்ந்தால் நிஜ வண்டி. வழவழவென்று ஒரே வேகத்தில் வழுக்கிக்கொண்டு வந்தால் அட்டவணையை வைத்து வரைந்த பொம்மையாக இருக்கலாம்.

இப்போது முதல் துண்டு, சேலையூரிலிருந்து தாம்பரம். இரண்டு மூன்று கிலோமீட்டர்தான், ஆனால் உங்கள் தினசரி எரிச்சல் பூராவும் இங்கேதான் இருக்கும், ஏனென்றால் நிஜத்தில் எல்லாரும் போவது ஷேர் ஆட்டோவில், எந்த ஆப்பிலும் ஷேர் ஆட்டோ கிடையாது. ஆப் உங்களை ஒன்று நடக்கச் சொல்லும், அல்லது பஸ்ஸுக்குப் பதினைந்து நிமிடம் நிற்கச் சொல்லும், அல்லது தனி ஆட்டோ புக் செய்யச் சொல்லும். கேம்ப் ரோடு பக்கமிருந்து "தாம்பரம் தாம்பரம்" என்று கூவிக்கொண்டு வருகிற வண்டியை அதற்குத் தெரியாது. தெரிய வைக்க முடியாதா என்றால், முடியும். கென்யாவில் நைரோபி நகரம் ஓடுவதே மட்டாட்டு என்கிற தனியார் வேன்களை நம்பித்தான். அட்டவணை கிடையாது, மேப் கிடையாது. அங்குள்ள பல்கலைக்கழக மாணவர்களும் எம்ஐடி, கொலம்பியா பல்கலைக்கழக ஆட்களும் சேர்ந்து, கையில் ஃபோனோடு ஒவ்வொரு வேனிலும் ஏறி, எங்கே நிற்கிறது எந்த வழி போகிறது என்று பதிந்து, நூற்றுக்கும் மேற்பட்ட ரூட்களை ஜிடிஎஃப்எஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். 2014இல் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள், அடுத்த வருடம் கூகுள் மேப்ஸில் வந்துவிட்டது. சென்னை ஷேர் ஆட்டோவுக்கு அப்படி யாராவது செய்யும் வரை, இந்தத் துண்டை ஆப்பிடம் கேட்காதீர்கள். கூகுள் மேப்ஸில் புறப்படும் இடமாக வீட்டைப் போடாமல் தாம்பரம் ரயில்வே ஸ்டேஷனைப் போடுங்கள். வீட்டு வாசலிலிருந்து ஸ்டேஷன் வரை எத்தனை நிமிடம் என்று ஒரு வாரம் நீங்களே பார்த்தால் மனசில் பதிந்துவிடும், அதைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். இந்த ஒரு மாற்றத்திலேயே நாலு ஆப்பும் ஏறக்குறைய ஒரே நேரம் சொல்ல ஆரம்பிக்கும், செய்து பாருங்கள்.

சரி, சென்னை ஒன் ஆப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். கும்டா என்கிற சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் 2025 செப்டம்பரில் வெளியிட்டது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் வழி பார்த்து, ஒரே க்யூஆரில் டிக்கெட் எடுக்கலாம். ஆட்டோ, கேப் கூப்பிடவும் வழி இருக்கிறது. இதில் முக்கியம் டிக்கெட்தான். வழி சொல்வதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், மூன்று தனித்தனி நிர்வாகங்களை ஒரே டிக்கெட்டுக்குச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம், கும்டாவுக்குச் சட்டம் போட்டது 2010இல் என்பதிலிருந்தே எவ்வளவு இழுத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எப்போதாவது போகிறவர்களுக்கு, ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளுக்கு இது நல்ல ஏற்பாடு. உங்களைப் போல ஒரே வழியில் தினமும் போகிறவர் ஒவ்வொரு நாளும் டிக்கெட் எடுத்துக்கொண்டு இருப்பானேன்? தாம்பரம்–பரங்கிமலைக்கு ரயில் சீசன் எடுத்துவிடுங்கள், மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் சிங்காரச் சென்னை அட்டை ஒன்றே போதும். 2023இல் மெட்ரோவில் வந்தது, 2025 ஜனவரியிலிருந்து பஸ்ஸிலும் எடுத்துக்கொள்கிறார்கள். சார்ஜ் இல்லாத ஃபோனோடு கேட்டில் நின்று பின்னால் உள்ளவர்களிடம் திட்டு வாங்க வேண்டாம்.

எலக்ட்ரிக் ட்ரெயினுக்கு ஃபோனில் டிக்கெட் எடுப்பதானால், ஸ்டேஷனுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். ரயில்வேயின் பேப்பர் இல்லா டிக்கெட்டைப் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு எடுக்க விடாது, டிக்கெட் பரிசோதகரைப் பார்த்ததும் எடுக்கிறவர்களுக்காக வைத்த வேலி அது.

செலவு விஷயத்தில் ஒரு சங்கதி. நீங்கள் ஆணா பெண்ணா என்று கேள்வியில் இல்லை. பெண்ணாக இருந்தால், 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் உங்களுக்கு இலவசம். பொதுவான மேப் ஆப்புக்கு இது தெரியாது, எல்லாருக்கும் ஒரே கட்டணத்தைக் காட்டும். மாதக் கடைசியில் மெட்ரோவை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போகிற பெண்கள் இங்கே ஏராளம், அரை மணி நேரம் கூட ஆனாலும் கையிலிருந்து காசு போகாது. எந்த ஆப்பும் அந்த வழியை மேலே வைக்காது.

அப்புறம் காலண்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் எலக்ட்ரிக் ட்ரெயின் எண்ணிக்கை குறைவு, அது ஆப்பில் சரியாகவே இருக்கும். சிக்கல் பொங்கல், தீபாவளி, சுதந்திர தினம் போன்ற நாட்களில். ஞாயிறு அட்டவணைப்படி ஓடும் என்று ரயில்வே அறிவிக்கும், மெட்ரோவும் விடுமுறை நாள் நேரத்துக்கு மாறும், ஆனால் ஆப்பின் காலண்டர் ஃபைலில் அது சாதாரண வியாழக்கிழமையாகவே கிடக்கலாம். பராமரிப்பு வேலைக்காக வண்டி ரத்து செய்வதும் இப்படித்தான். பெரிய மாற்றமும் சரிதான்: 2023 ஆகஸ்டில் நாலாவது பாதை போடுவதற்காகப் பறக்கும் ரயிலை கடற்கரை ஸ்டேஷனுக்கு விடாமல் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள், திரும்ப ஓட 2024 அக்டோபர் ஆகிவிட்டது. இம்மாதிரி நாட்களில் முதல் நாள் இரவே ரயில்வே அறிவிப்பை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஆப்பில் கொண்டுவந்து மாதச் சந்தா வாங்கலாம் என்று பெரிய கனவோடு கிளம்பியவர்களும் உண்டு. ஹெல்சின்கியில் 2016இல் வந்த விம் ஆப்பில் பஸ், டிராம், டாக்ஸி, வாடகை கார் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதாமாதம் ஒரே தொகை. உலகம் முழுக்கப் பேசினார்கள், 2024இல் அந்த நிறுவனம் திவாலானது. லண்டனில் பிறந்த சிட்டிமேப்பர் என்ற வழி சொல்லும் ஆப்பை 2023இல் வியா என்ற நிறுவனம் வாங்கியது. வழி சொல்லும் வேலையில் லாபம் பார்ப்பது அத்தனை சுலபமில்லை போலிருக்கிறது, ஆகவே ஒரே ஆப்பில் மட்டும் ஊறிப்போக வேண்டாம்.

உங்கள் ஃபோனில் நான் வைக்கச் சொல்வது மூன்று. வழி பார்க்கக் கூகுள் மேப்ஸ், 'இத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்' என்று நேரம் கொடுத்துப் பாருங்கள், 'இப்போது கிளம்பினால்' என்று பார்க்காதீர்கள். ட்ரெயினுக்கு வேர் இஸ் மை ட்ரெயின். பஸ் லைவுக்கும் அவசர டிக்கெட்டுக்கும் சென்னை ஒன். மூன்றுக்கும் இருப்பிட அனுமதியை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று வையுங்கள், பேட்டரியும் மிச்சம். திங்கள் வேலைக்குச் சேருவதானால் சனிக்கிழமை காலையில் ஒரு தடவை அதே நேரத்தில் சும்மா போய் வாருங்கள். பரங்கிமலையில் மெட்ரோ பக்கம் ஏறும் படிக்கட்டு எந்தப் பெட்டிக்கு நேராக வருகிறது என்று மட்டும் பார்த்து வைத்துக்கொண்டு, திங்கள் தாம்பரத்தில் அந்தப் பெட்டியில் ஏறுங்கள்.